பூங்கா இடத்துப் பிள்ளையார்

நாங்கள் மனை வாங்கிய நகரின் நுழைவாயிலில் ஒரு பெரிய பலகை இருந்தது. அதில் ஓர் ஊஞ்சல், ஒரு சறுக்குமரம், பச்சைப் புல்தரையில் ஓடும் இரண்டு குழந்தைகள். குழந்தைகள் நம் பக்கத்துப் பிள்ளைகளாகத் தெரியவில்லை. எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய படம். அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் அந்தப் புல்தரையை நம்பினேன்.

நம்பியதற்குக் காரணம் உண்டு. அப்போது மதுரைக்குள், மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே சமையலறை இருந்த வாடகை வீட்டில் குடியிருந்தோம். மகளுக்கு ஒன்றரை வயது தாண்டியும் நடை வரவில்லை. கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கட்டிலிலிருந்து ஃபிரிட்ஜ் வரைக்கும் தடவித் தடவி வருவாள். அதற்கு மேல் வீடு கிடையாது. வாசலில் இறக்கிவிட்டால் பைக் வந்துவிடும். நான் செல்போனில் தேடித் தேடிப் படித்து, அதில் சொல்லியிருந்த அத்தனை நோயும் அவளுக்கு இருப்பதாக முடிவுசெய்து, டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் பிள்ளையின் காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்கு ஒண்ணும் இல்லம்மா. எடம்தான் இல்ல. மண்ணுல விடுங்க, ஓடட்டும்" என்றார்.

அதன் பிறகு மனை பார்க்கப் போன இடத்தில் எல்லாம் நான் பார்த்தது, பிள்ளை ஓட இடம் இருக்கிறதா என்ற ஒன்றைத்தான். மேலூர் சாலையிலிருந்து உள்ளே பிரிகிற இந்த நகரில், முகப்பில் கிழக்குப் பார்த்த மனை ஒன்று இருந்தது. கணவருக்கு அதுதான் பிடித்திருந்தது. பேருந்து நிறுத்தம் பக்கம், பிற்பாடு வீட்டின் முன்பக்கம் ஒரு கடை போட்டு வாடகைக்கு விடலாம் என்றார். நான் கடைசி வரிசையில், பூங்காவுக்கு என்று விட்டிருந்த இடத்துக்கு நேர் எதிரே இருந்த மனையைக் கேட்டேன். அது மேற்குப் பார்த்தது, சாயங்கால வெயில் முழுவதும் வீட்டுக்குள் வரும் என்று மாமியார் சொன்னார். சரியாகத்தான் சொன்னார், இன்றைக்கும் வருகிறது. ஆனால் வாசலில் நின்றபடியே பிள்ளை விளையாடுவதைப் பார்க்கலாம் என்ற ஒரே காரணத்தை நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். கணவர் கடைசியில் என் பக்கம் வந்தார்.

வீடு கட்டிப் பால் காய்ச்சிக் குடிவந்தபோது, பூங்கா இடத்தில் புல்லும் இல்லை, ஊஞ்சலும் இல்லை. நான்கு மூலையிலும் மஞ்சள் பெயின்ட் அடித்த கல், நடுவில் வயலாக இருந்த காலத்து வரப்பில் கொஞ்சம் மிச்சம், ஓரமாக ஒரு வேப்பமரம். அவ்வளவுதான். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் நகரில் இருந்த பிள்ளைகள் எல்லாம் அங்கே வந்துவிடுவார்கள். ஒருநாள் பக்கத்து ஊரிலிருந்து மேய வந்த ஆடுகளில் ஒரு குட்டி, காரணமே இல்லாமல் துள்ளிக்கொண்டு ஓடியது. என் விரலைப் பிடித்திருந்த சின்னக் கை நழுவியது. அதுவரை தனியாக ஓடியே அறியாத என் மகள் அந்தக் குட்டியின் பின்னால் ஓடினாள். வரப்பில் தடுக்கி விழுந்தாள். வாய் நிறைய மண்ணோடு எழுந்து சிரித்துவிட்டு, மறுபடி ஓடினாள். நான் வீட்டுக்கு வந்து, மண் தின்றால் வயிற்றில் பூச்சி வருமா என்று படித்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் மறுநாளும் கூட்டிப்போனேன்.

எங்கள் நல்ல காலம் அதுதான். ஒரு வருஷம் இருக்கும்.

பிறகு ஒரு மாலையில் காரில் மூன்று பேர் வந்து இறங்கினார்கள். டேப் பிடித்து அளந்து, சுண்ணாம்புத் தூளில் கோடு போட்டார்கள். எதற்கு என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டதற்கு, ஓனர் அளக்கச் சொன்னார், அளக்கிறோம் என்று மட்டும் சொன்னார்கள். ஓனர் என்றால் எங்களுக்கு எல்லாம் மனை விற்ற புரொமோட்டர். அவர்கள் போன பிறகு பார்த்தால், பூங்கா இடம் மனைகளாகப் பிரிந்து கிடந்தது. பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம். தங்களுக்காகப் போட்ட கோடு என்று நினைத்து, கட்டத்துக்குக் கட்டம் நொண்டி அடித்தார்கள்.

எங்கள் பஞ்சாயத்தை மாநகராட்சியோடு சேர்க்கப்போவதாகப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த நேரம் அது. இனி அவர்கள்தான் பார்க்க வேண்டும் என்றார்கள் இங்கே. இன்னும் எங்களிடம் வந்து சேரவில்லை என்றார்கள் அங்கே. என் கணவர் மனு எழுதிக்கொண்டு இரண்டு இடத்துக்கும் அலைந்தார். நலச் சங்கத் தலைவர் வீட்டு மாடியில் கூட்டம் போட்டோம். தலைவர் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நகரில் யாருக்கு என்ன என்றாலும் முதலில் வந்து நிற்கிறவர். கணவர் மனுவைப் பற்றிச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"எழுதுங்க தம்பி, வேணாங்கல. நீங்க பதில் வாங்கிட்டு வாரதுக்குள்ள அவன் மாடி கட்டி வாடகைக்கு விட்டுருவான். பேசாம ஒரு பிள்ளையாரக் கொண்டாந்து வைங்க. எவன் டேப்ப நீட்டுறான்னு பாப்போம்."

மாடியே சிரித்தது. வேலி போட்டால் அறுத்துவிடுவான், போர்டு வைத்தால் பிடுங்கிவிடுவான், பிள்ளையாரை என்ன செய்வான் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. மனசிலிருந்து ஒரு பாரம் இறங்கியது போல இருந்தது. வேறு யாராவது எழுந்து, வேலியே போடுவோம், மரக்கன்று நடுவோம் என்று சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அன்றைக்கு நான் பிள்ளையார் பக்கம்தான் கை தூக்கியிருப்பேன்.

அந்த வெள்ளிக்கிழமையே லோடு ஆட்டோவில், வைக்கோல் சுற்றிப் பிள்ளையார் வந்தார். இரண்டு பேர் தூக்கி வைக்கிற அளவுதான். வேப்பமரத்தடியில் நான்கு செங்கல் அடுக்கி உட்கார வைத்தார்கள். நான் சாணம் தெளித்துக் கோலம் போட்டேன். என் மகள் அருகம்புல் என்று நினைத்து, கையில் கிடைத்த புல்லை எல்லாம் பிடுங்கி வந்து அவர் மடியில் போட்டாள்.

அடுத்த வாரம் அந்தக் கார் திரும்ப வந்தது. மூன்று பேரும் இறங்கினார்கள். பிள்ளையாரைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, திருநீறு எடுத்துப் பூசிக்கொண்டு, காரில் ஏறினார்கள். "போறானுக பாரு, வரம் வாங்கிட்டு" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. நாங்கள் எல்லாரும் வாசலில் நின்று சிரித்தோம். அதற்குப் பிறகு அளக்க யாரும் வரவில்லை. உண்மையில் வர வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

ஒவ்வொன்றாக நடந்தது. ஒவ்வொன்றும் அந்தந்த நேரத்தில் நியாயமாகத்தான் பட்டது. மழையில் நனைகிறாரே என்று தகரக் கூரை போட்டார்கள். கூரை போட்டபின் தரை மண்ணாக இருந்தது உறுத்தியது. ஆடு வந்து மாலையைத் தின்றது. ஆட்டைத் தடுக்கச் சுற்றுச்சுவர் வேண்டும் என்றார்கள். அந்தச் சுவருக்கு நாங்களும் சிமெண்டு மூட்டை கொடுத்தோம். சுவர் எழும்பியதும் யாரோ ஒரு ஜோதிடர் வந்து, பிள்ளையார் தனியாக இருக்கக்கூடாது, நவக்கிரகம் வேண்டும் என்றார். தகரக் கூரை போய்க் காங்கிரீட் வந்தது. நலச் சங்கம் திருப்பணிக் குழு ஆனது. தலைவர் அதே தலைவர்தான். அவரை நான் குறை சொல்லிவிட முடியாது. இன்றைக்கும் காலையில் வெறுங்காலோடு நின்று தானே கோயிலைக் கூட்டிப் பெருக்குகிறார். தரைக்கு மேலூர்ப் பக்கமிருந்து கருங்கல் பலகை வந்தது. முகம் தெரிகிற அளவு பளபளப்பு. வெயிலில் கால் வைக்க முடியாது, தண்ணீர் பட்டால் நிற்க முடியாது. என் மகள் அதில் வழுக்கி விழுந்து உதட்டைக் கிழித்துக்கொண்டாள். நான் தலைவரிடம் போய் நின்றபோது, கோயிலுக்குள் பிள்ளையை ஓடவிடலாமா என்று அவர்தான் வருத்தப்பட்டார்.

பந்து பட்டு விளக்கு உடைந்த அன்றைக்குப் பலகை மாட்டினார்கள். "கோயில் வளாகத்தில் விளையாட அனுமதி இல்லை." நகரின் முகப்பில் இருந்த ஊஞ்சல் படம் அதற்குள் வெளுத்து, ஒரு குழந்தையின் முகம் போய், இன்னொன்றுக்குக் கால்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

கோயிலுக்குப் பின்னால் இன்னும் ஒரு பட்டை நிலம் மிச்சம் இருந்தது. வரப்பின் கடைசித் துண்டு அங்கேதான் கிடந்தது. ஒரு சங்கடஹர சதுர்த்தியன்று, பொங்கல் வாங்க நின்ற கூட்டத்தில், தைரியத்தை எல்லாம் சேர்த்துத் தலைவரிடம் கேட்டேன். முந்தின நாளிலிருந்தே சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியங்கள். பின்னால் சும்மா கிடக்கிற இடத்தில் ஓர் ஊஞ்சல் மட்டும் மாட்டிக்கொள்ளலாமா, நாங்களே வாங்கித் தருகிறோம் என்றேன்.

"அங்க மண்டபம் வருதேம்மா" என்றார். "சாமிக்குன்னு விட்ட எடம். அதுல போயி ஊஞ்சல் கேக்கலாமா?"

"பிள்ளைகளுக்குன்னு விட்ட எடம் சார் அது."

சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். சத்தம் வெளியே வந்ததா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். அவர் கோபப்படவில்லை. தொன்னையில் பொங்கலை வைத்து என் மகளிடம் நீட்டியபடி, சிரித்த முகமாகவே சொன்னார்.

"அட, என்னம்மா நீங்க. மொத மொத கோலம் போட்டதே நீங்கதான?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பக்கத்து வீட்டு அக்காவும் சிரித்தார். சாயங்காலம் தோறும் என்னோடு அந்த மண்ணில் உட்கார்ந்து பிள்ளை விளையாடுவதைப் பார்த்தவர். இப்போது கோயிலுக்குப் பூக்கட்டிக் கொடுக்கும் முறை அவருடையது. வீட்டுக்கு வரும் வழியில், இம்புட்டுக் கோபம் ஆகாது என்று எனக்கே புத்தி சொன்னார்.

கணவரிடம் சொன்னேன். அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார். "சாமி காரியம். வாயக் குடுத்துராத. நாளைக்கும் இங்கதான் இருக்கணும்" என்றார். முகப்பு மனையை வாங்கியிருக்கலாம் என்று ஒருநாளும் அவர் சொன்னதில்லை. சொல்லிவிட்டால் தேவலை என்று எனக்குத் தோன்றும். அந்த மனையில் இப்போது வேறு ஒருவர் வீடு கட்டி, கீழே மருந்துக்கடைக்கு விட்டிருக்கிறார்.

நான் யார் மேல் கோபப்படுகிறேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. மகளுக்குக் காய்ச்சல் அடித்தால் முதலில் போய் நிற்பது பிள்ளையார் முன்னால்தான். வைத்தபோது அவர் உயரம் என் மகள் உயரம். அவர் எங்கே போக முடியும், வைத்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். இப்படி நினைப்பதே பாவமோ என்று உடனே பயமும் வந்துவிடுகிறது. பயந்து, ஒரு தேங்காய் கூடுதலாக உடைக்கிறேன்.

கும்பாபிஷேகத்துக்குப் புரொமோட்டர் வந்தார். பந்தலில் அவருக்குத்தான் முதல் மரியாதை. பரிவட்டம் கட்டி, மாலை போட்டு, கோயிலுக்கு இடம் தந்த வள்ளல் என்று மைக்கில் சொன்னார்கள். ஒலிபெருக்கி எங்கள் ஜன்னலுக்கு நேரே. வாசலில் பதித்த சலவைக்கல்லில் உபயதாரர் வரிசையில் அவர் பெயர்தான் மேலே. எங்கள் சிமெண்டு மூட்டை எந்த வரியிலும் இல்லை. அவர் பிள்ளையாரைக் கும்பிட்டபோது கண்ணை மூடி நீண்ட நேரம் நின்றார். அவருக்கு நன்றி சொல்லியிருப்பார்.

அடுத்த மாதமே வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் இருந்த வயல்களில் கல் ஊன்றி, அவருடைய இரண்டாவது நகர் தொடங்கிவிட்டது. எங்கள் நகர் முகப்பில் வெளுத்த பலகையை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்திருக்கிறார்கள். எங்கள் கோயில் கோபுரம் பெரிதாக, அதன் கீழே, கோயிலுக்கு மிக அருகில் வீட்டு மனைகள். ஓரத்தில் சின்னதாக ஓர் ஊஞ்சல்.

மண்டபத்துக்கு அஸ்திவார வானம் தோண்டியபோது கொட்டிய மணல் மேட்டில் பிள்ளைகள் ஏறி விளையாடினார்கள். என் மகள் உச்சியிலிருந்து உருண்டு இறங்கினாள். கண்ணில் விழுந்தால் என்ன ஆகும் என்று நான் பதறிக்கொண்டே இருந்தேன், ஆனாலும் கூப்பிடவில்லை. கொத்தனார்கள் மணலை அள்ள அள்ள மேடு குறைந்தது. பிறகு தரை வந்துவிட்டது.

இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். பள்ளிக்கூடத்திலும் விளையாட இருப்பது வேன் நிற்கிற இடம்தான். சாயங்காலம் வந்ததும் வாசல் கிரில்லைப் பிடித்துக்கொண்டு எதிரே பார்ப்பாள். போன வாரம் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். எல்லாரும் பிள்ளையாரைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். அவளும் சுற்றினாள். இரண்டாவது சுற்றில் கால் வேகம் எடுத்தது. மூன்றாவதில் கை இரண்டையும் கூப்பி நெஞ்சில் வைத்துக்கொண்டாள். அதற்கடுத்து ஓட்டம்தான். கூப்பிய கையோடு, பின்னல் பறக்க, நவக்கிரகத்தை வளைத்துத் திரும்பி ஓடினாள். சுற்றக்கூடாது என்று சாமி கும்பிடுகிற பிள்ளையிடம் யாரும் சொல்ல முடியாது என்பதை அவளாகவே கண்டுபிடித்திருந்தாள். அன்றைக்கு அந்த ஆட்டுக்குட்டியின் பின்னால் ஓடிய அதே முகம்.

தலைவர் கையில் ஈரத்துணியோடு நின்று அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தரை அப்போதுதான் துடைத்து ஈரமாக இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா பூவோடு திரும்பிப் பார்த்தார். நாளைக்கும் இங்கதான் இருக்கணும்.

"ஓடாத பாப்பா" என்றேன். "நட."

அவள் நின்றாள். மூச்சு வாங்கியது. கையைக் கூப்பியபடியே, ஒவ்வொரு அடியாக எடுத்துவைத்து நடந்து வந்தாள்.