சாரம் அடைத்த சாக்ஸபோன்

இரும்புலியூருக்கு வந்து மூன்று வருடமாகியும், கடைக்குப் போனால் ‘பாண்’ என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு ‘பிரெட்’ என்றுதான் கேட்கிறேன். கடைக்காரர் ஒருநாளும் என்னை ஏசியதில்லை. ஆனாலும் என் பேச்சைக் கேட்டவுடன் “சிலோனா?” என்று நிமிர்ந்து பார்ப்பார்களே, அந்தப் பார்வைக்குப் பயம். தமிழ்நாடும் நமக்கு வெளிநாடா என்று கேட்பீர்கள். வீடு தேடிப் பாருங்கள், தெரியும். நாலு பேர் அந்தப் பார்வையோடுதான் வீடு இல்லை என்றார்கள். ஐந்தாவதாக, பம்மலில் தோல் வியாபாரம் செய்யும் பாய் ஒருவர் தன் கீழ்வீட்டைத் தந்தார். “சத்தம் மட்டும் கூடாது சார். மத்தபடி உங்க வீடு மாதிரி இருங்க” என்றார். மேல்மாடியில் அவருடைய குடும்பம். இந்த வீடும் போனால் எங்களுக்குப் போக்கிடமில்லை.

இப்படிப்பட்டவன் முப்பத்தெட்டு வயதில் சாக்ஸபோன் பழகத் தொடங்கினால் விசர், பைத்தியம் என்றுதானே சொல்வீர்கள்? என் மனைவி மலரும் அதைத்தான் சொன்னாள். டொரொன்டோவிலிருந்து என் தங்கை வசந்தி எங்களைக் கூப்பிட விண்ணப்பம் போட்டிருந்தாள். அந்தக் கோப்பு அசையவே இல்லை. தபால்காரர் வரும் நேரம்வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பேன். அவர் போனபிறகு நாள் முழுக்கச் சும்மா கிடப்பேன். என் வாழ்க்கையில் ஏதாவதொன்று தினமும் ஓரங்குலமாவது முன்னே நகர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பக்கத்துச் சர்ச்சில் கல்யாணத்துக்கு வாசித்த ஜெரோமைப் பிடித்துக் கேட்டேன். என்னைவிடப் பதின்மூன்று வயது இளையவன் எனக்கு வாத்தியாரானான். தன் பழைய சாக்ஸபோனையும் இரவல் தந்தான்.

பாய்க்குத் தெரியக்கூடாது. ஜன்னல்களைச் சாத்தி, ரேடியோவைப் போட்டு, இங்கே லுங்கி என்று சொல்லும் என் சாரத்தைச் சுருட்டிக் குழலின் அகன்ற வாய்க்குள் அடைத்துவிட்டு ஊதுவேன். மேல் ஸ்வரங்கள் ஏதோ முனகலாக வரும். கீழே இறங்க இறங்கச் செத்துப்போகும். கடைசி ஸ்வரத்துக்கு வெறும் காற்றுத்தான். மூன்று மாதம் இதே கதை. நெஞ்சில் பலமில்லை, வயது போய்விட்டது, விட்டுத் தொலைக்கலாம் என்று ஞாயிறுதோறும் முடிவெடுப்பேன். திங்கட்கிழமை தபால் வராது. திரும்ப எடுத்து ஊதுவேன்.

சர்ச்சுக்குப் பின்னால் ஜெரோமோடு பழகும்போது சாரம் இல்லை. அங்கேயும் எனக்கு ஊத வரவில்லை. “இன்னாண்ணா, காத்த உள்ளயே வெச்சிகினு கீற? யாருக்குப் பயப்படற? வுடுண்ணா!” என்பான்.

என்னத்தைச் சொல்வது? ஊரில் வீட்டு வளவுக்குள் பதுங்க வெட்டிய பங்கர் குழியில், மேலே விமானம் சுற்றும்போது, எட்டு வயது வசந்தியின் வாயைப் பொத்திக்கொண்டிருந்தவன் நான். “மூச்சுக் காட்டாதேங்கோ” என்பார் அப்பா. பறக்கிற விமானத்துக்குப் பிள்ளையின் அழுகை கேட்குமா என்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. நான் இன்னும் இறுக்கிப் பொத்தினேன். அந்தக் கையால்தான் இப்போது இதைப் பழகுகிறேன் என்று ஜெரோமிடம் சொல்லவில்லை.

ஊரில் சண்டை திரும்பத் தொடங்கியபிறகு, எங்கள் அகதிப் பதிவைச் சரிபார்க்கப் போலீஸ்காரர் வருவது கூடியது. ஒருநாள் காலை வந்தவர் கட்டிலுக்கடியில் கறுப்புப் பெட்டியைக் கண்டார்.

“இன்னா பொட்டி அது? தொற.”

திறந்தேன். சாக்ஸபோனைப் பார்த்துச் சிரித்தவர், அதற்குள் துணியைக் கண்டதும் சிரிப்பை நிறுத்தினார். “உள்ள இன்னாத்த ஒளிச்சி வெச்சிகீற?” இழுத்தேன். சனியன் பிடித்த சாரம், வந்துகொண்டே இருந்தது. மலர் சுவரோடு ஒட்டி நின்றாள். பேச்சுக்குரல் கேட்டுப் பாயும் இறங்கிவந்து வாசலில் நின்றார். வீடு போய்விட்டது என்று நினைத்தேன்.

“எங்க, வாசி பாப்போம்.”

மெல்ல ஊதினால் இது என் வாத்தியமே இல்லை என்று நினைப்பார். கண்ணை மூடிக்கொண்டு, இருந்த மூச்செல்லாம் கொட்டி, மேலிருந்து படிப்படியாக இறங்கினேன். மூன்று மாதம் வராத அந்தக் கடைசி ஸ்வரம் எருமை கத்தியதுபோல் வந்தது. அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் அதிர்ந்தன.

போலீஸ்காரர் காதைப் பொத்தினார். “போதும்யா, நிறுத்து! இவ்ளோ சத்தம் போடறவன் எவனுக்குத் தெரியாம இன்னா பண்ணிடப் போறான்?” கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

பாய் போகவில்லை. நான் வாய் திறக்குமுன் அவரே சொன்னார்: “மூணு மாசமா கீழ யாரோ அடக்கி அடக்கி அழறாங்கன்னு எங்க வீட்ல தினம் சொல்லுவாங்க சார். எப்படிக் கேக்கறதுன்னு நாங்களும் விட்டுட்டோம். இதுதானா? காலைல பத்து மணிக்கு மேல வாசிங்க. நான் கடைக்குப் போயிடுவேன்.”

அந்தக் கிழமை முடியுமுன் வசந்தி டொரொன்டோவிலிருந்து போன் எடுத்தாள். நடந்ததைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள். “எனக்கும் ஒருக்கா ஊதிக் காட்டுங்கோ அண்ணா” என்றாள். மலர் ரிசீவரைப் பிடித்துக்கொண்டாள். நான் ஜன்னலை அகலத் திறந்து வைத்துவிட்டு ஊதினேன். கடைசி ஸ்வரம் தெருவரைக்கும் போயிருக்கும். நிறுத்திவிட்டு ரிசீவரை வாங்கியபோது அதற்குள் வசந்தியின் குரல் பதறிக்கொண்டிருந்தது.

“அண்ணா, மெல்ல, மெல்ல. பக்கத்து வீட்டுக்குக் கேக்கப் போகுது!”

எந்த ஊரில் இருக்கிற பக்கத்து வீடு என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் மலர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தியிருந்தாள்.