ஏழாம் தொகுதிக்கு வைத்த பொட்டு

போன வாரம் ஒரு புத்தகத்தைக் காணவில்லை. என்னுடையது இல்லை, ஒரு பல்கலைக்கழக நூலகத்துடையது.

வேறு வேலையாகச் சேலம் போயிருந்த என்னைப் போனில் பிடித்தார் மல்லிகா. ஜேடர்பாளையம் பக்கத்தில் பள்ளி ஆசிரியை. இந்தப் பத்தியைத் திட்டி மாதம் ஒரு கடிதம் போடுபவர். அப்படிப்பட்டவர் உதவி கேட்டால் மறுக்க முடியுமா?

விஷயம் ஒரு கிணறு. அவர் தெருக் கிணற்றைத் தூர்வாரிச் சுற்றுச்சுவர் கட்டியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பெயர்க்கல் பதிக்க வேண்டும். யார் பெயர்? எங்கள் முன்னோர் வெட்டிக்கொடுத்தது என்கிறார்கள் பெரிய தோட்டத்துக்காரர்கள். எங்கள் ஆட்களே வெட்டியது என்கிறது தலைமுறை தலைமுறையாகத் தோட்டக் கூலிக்குப் போன மல்லிகாவின் தெரு. ஊர்த் தலைவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: சனிக்கிழமைக்குள் ஏதாவது காகிதம் காட்டுங்கள், இல்லாவிட்டால் தோட்டத்துக்காரர் பெயர்தான்.

காகிதத்துக்கு எங்கே போவது? மல்லிகா விடவில்லை. அந்தக் காலத்தில் சர்க்காருக்குப் போட்ட மனுக்களைத் தாலுகா வாரியாகக் கட்டிய தொகுதிகள் சேலத்தில் அந்தப் பல்கலைக்கழக நூலகத்தில் இருப்பதைப் பட்டியலில் கண்டுபிடித்துவிட்டார். அவர் ஊர் மனுக்கள் ஏழாம் தொகுதி. இரண்டு முறை போனார். ஆறு இருக்கிறது, எட்டு இருக்கிறது... ஏழு இல்லை.

"நீங்க கூட வந்தாக் கொஞ்சம் நல்லாத் தேடுவாங்க, ஏனுங்க வாரீங்களா?" என்றார். வெள்ளிக்கிழமை மதியம் போனோம்.

பழைய ஆவணங்களுக்குத் தனி அறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். நேரத்தையும் அங்கேயே கழற்றி வைத்துவிட்டோம் போல... வேப்பமர நிழல் ஜன்னல் வழியாக மேஜைமேல் ஆடிக்கொண்டிருந்தது. மழையில் நனைந்து காய்ந்த வைக்கோல் வாசனை. ஆறாம் தொகுதியைச் சும்மா புரட்டினேன். வாய்க்கால் அடைத்துவிட்டதாக ஒருவர். எருமை காணோம் என்று ஒருவர். யாரோ என்றைக்கோ பட்ட கவலை, மை மங்கி, எனக்கெதிரே உட்கார்ந்து பேசுகிறது. அந்த எருமை கிடைத்ததா? தெரியவில்லையே என்று எனக்கு நிஜமாகவே துக்கமாகிவிட்டது.

"சார், நாளைக்குச் சனிக்கிழமைங்க" என்றார் மல்லிகா.

விழித்துக்கொண்டு எட்டாம் தொகுதியை இழுத்தேன். அட்டையில், ஏழு உரசி நிற்கவேண்டிய பக்கத்தில், லேசாகக் குங்குமம். மனுக் கட்டில் குங்குமத்துக்கு என்ன வேலை?

நூலகர் பெரியசாமியிடம் கேட்டேன் – ஆயுத பூஜைக்கு எந்தப் புத்தகத்தை வைப்பீர்கள்?

மனிதர் எழுந்து முன்னால் நடந்தார். வரவேற்பறையில் சரஸ்வதி படம். படத்தின் கீழே சிவப்புத் துணி சுற்றிய ஒரு பெரிய புத்தகம். அவர் இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்தே அது அங்கேதான் இருக்கிறதாம். இருப்பதிலேயே பெரிதாக, பழசாக ஒன்றை யாரோ என்றைக்கோ தேர்ந்தெடுத்துவிட்டார்கள். வருடா வருடம் சந்தனம், குங்குமம், புதுத் துணி. துணியை அவிழ்த்தார். தொகுதி ஏழு.

"இத்தன வருசம் கும்புட்டுருக்கேனுங்க... ஒருநா தொறந்து பாக்கல" என்றார்.

ஒரு மணி நேரம் தேடி அந்தப் பக்கத்தை எடுத்தோம். தெருவுக்குத் தண்ணீர் இல்லாமல் நாங்களே கிணறு வெட்டுகிறோம், பாறை குறுக்கிட்டுவிட்டது, வெடி வைக்க உத்தரவு வேண்டும் – அவ்வளவுதான் மனு. கீழே பதினோரு கைநாட்டுகள். கட்டைவிரல் ரேகைகள் ஒவ்வொன்றும் வரிவரியாக, சேற்றில் வைத்த பாதம் போல அழுத்தமாக இருந்தன. பக்கத்தில் பெயர்கள்.

மல்லிகா நான்காவது பெயரில் நின்றுவிட்டார். நாச்சான். அவருடைய பூட்டன், அதாவது தாத்தாவின் அப்பா. போட்டோ கிடையாது, சமாதி கிடையாது. ஒரு விரல் மட்டும் இருக்கிறது. தன் கட்டைவிரலைத் தொடாமல் அதன்மேலே பிடித்துப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான்.

மனுவின் கடைசியில் ஒரே ஒரு கையெழுத்து. இதை எழுதிக் கொடுத்தவர். யாரென்று பார்த்தால்... அன்றைய பெரிய தோட்டத்துக்காரர்!

எனக்குச் சப்பென்று போய்விட்டது. இந்த வரியைக் காட்டாமல் மேலே உள்ளதை மட்டும் நகல் எடுத்தால் என்ன என்றுகூடத் தோன்றியது. சொல்லியும் தொலைத்தேன்.

மல்லிகா என்னைப் பார்த்த பார்வை அவருடைய கடிதங்களைவிடக் காரம். "அவியளும் பொய் சொல்லலீங்க. பாதி தெரிஞ்சு வெச்சிருக்காங்க. முழுப் பக்கமும் எடுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கல் பதித்தார்கள். போட்டோ அனுப்பியிருந்தார். வெட்டியவர்கள் என்று பதினோரு பெயர். அதற்குக் கீழே, எழுதிக் கொடுத்தவர் என்று ஒரு பெயர். தோட்டத்து வீட்டுக்காரர்கள் கல்லுக்கு மாலை போட்டுவிட்டு முதல் வாளித் தண்ணீரை மல்லிகாவின் அம்மாவை இறைக்கச் சொன்னார்களாம்.

பெரியசாமியும் போன் செய்தார். ஏழாம் தொகுதி இனி அலமாரியில்தான் இருக்குமாம். பூஜைக்கு வேறு புத்தகம் பார்க்க வேண்டுமே என்று கவலைப்பட்டார். இதுவரை யாருமே எடுத்துப் படிக்காததாகப் பார்த்து வையுங்கள், யாருக்கும் இடைஞ்சல் இருக்காது என்று யோசனை சொன்னேன்.

நேற்று படம் அனுப்பியிருக்கிறார். சரஸ்வதியின் காலடியில், சிவப்புத் துணியில், சந்தனப் பொட்டோடு... நான் எழுதிய புத்தகம்.