சந்தனம் குடித்த கேபிள்

எனக்குப் பள்ளிக்கூடம் தெரியாது. பள்ளிக்கூட வாசலில் காரை நிறுத்த மட்டும் தெரியும். முதலாளியின் பிள்ளைகளை அங்கே இறக்கி, பண்டார் ஹிலிர் ஜவுளிக்கடையில் முதலாளியை இறக்கி, திரும்பி வந்து அவர் மனைவியைச் சந்தைக்கு ஏற்றிப் போவேன். அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவோம். மெர்டேக்கா வாங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. நாட்டுக்கு விடுதலை கிடைத்துவிட்டது, எனக்கு ஞாயிற்றுக்கிழமைகூடக் கிடைக்கவில்லை.

காஜா பேராங்கில், முதலாளி வீட்டுக் கார் கொட்டகைக்குப் பின்னால் ஓர் அறை. அதில் நானும் நிறைமாத மனைவியும். வேலை போனால் அறையும் போகும்.

கார் சின்னது. ஊருக்குக் கப்பலேறிய துரை ஒருவர் விற்றுவிட்டுப் போனது. மேட்டைக் கண்டால் முனகும். அது ஒருநாள் கோயில் முனையில் திடீரென்று வீரம் காட்டியது. காலை எடுத்துவிட்டேன், ஆக்ஸிலரேட்டர் மேலே வரவில்லை. எஞ்சின் அலறியது. பிரேக்கை மிதித்துச் சாவியைத் திருப்பினேன். வாழைப்பழ வண்டியை முத்தமிடுவதற்குக் கொஞ்சம் முன்னால் நின்றது.

பின்சீட்டிலிருந்து முதலாளி கேட்டார்: "என்னடா, பினாங்குக்கா போறே?"

"எனக்கு அவசரமில்ல முதலாளி. வண்டிக்குத்தான்."

"வாயப் பாரு. வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணு. இல்லாட்டி வேற டிரைவர் பாத்துக்குவேன். என் பிள்ளைங்க ஏறுற வண்டிடா."

அவர் சொன்னதில் தப்பில்லை. என் பிள்ளையும் வரப்போகிறதே, அது எங்கே ஏறும் என்றுதான் எனக்குக் கவலை.

முதலில் காலடி விரிப்பைச் சந்தேகப்பட்டேன். கழற்றி எறிந்தும் பெடல் சிக்கியது. பிறகு ஸ்பிரிங்கைச் சந்தேகப்பட்டுப் புதிது மாட்டினேன். முன்பு சும்மா சிக்கியது, இப்போது கெத்தாகச் சிக்கியது. கால் கட்டைவிரலைப் பெடலுக்கு அடியில் கொடுத்துத் தூக்கித் தூக்கி ஓட்டினேன். நகம் கறுத்ததுதான் லாபம்.

கடைசியில் கம்போங் செட்டியிலிருந்த என் கூட்டாளியை அழைத்து வந்தேன். வொர்க்‌ஷாப்பில் வேலை. பட்டை பட்டையாய்த் திருநீறு பூசுவான், தமிழ் மட்டும் வராது; தலைமுறை தலைமுறையாய் வீட்டில் மலாய்தான். பானெட்டைத் திறந்து, பெடலிலிருந்து கார்புரேட்டருக்கு வரும் கேபிளின் முனையைக் கழற்றினான். அங்கிருந்த லீவரைத் தள்ளினால் டக்கென்று திரும்பி வந்தது. அப்படியென்றால் குற்றம் கேபிளில். உறைக்குள்ளிருந்து கம்பியை இருவரும் பிடித்து இழுத்தோம். மஞ்சளாய், காய்ந்த சேறு மாதிரி ஏதோ அப்பிக்கொண்டு வந்தது. கூட்டாளி மோந்து பார்த்தான்.

"அடோய்! கெரெத்தா பூன் செம்பாயாங் கா?"

காரும் சாமி கும்பிடுதா என்று கேட்கிறான். சந்தனம்!

வெள்ளிதோறும் அம்மா கிண்ணத்தோடு வருவார். வண்டியின் உயிர் எஞ்சினில்தானே இருக்கிறது என்று பானெட்டைத் திறக்கச் சொல்வார். எல்லா இடமும் எண்ணெய்ப் பிசுக்கு, சுத்தமாய் இருந்தது கேபிள் உறையின் வாய்தான். அங்கே பன்னீரில் குழைத்த சந்தனத்தைத் தாராளமாய் அப்புவார். அது உள்ளே வடிந்து, எஞ்சின் சூட்டில் வெந்து இறுகியிருக்கிறது. அத்தனை வெள்ளியும் பானெட்டைக் குடை மாதிரி தூக்கிப் பிடித்து நின்றது இந்த மகாபுத்திசாலி.

மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் விட்டுப் பூட்டினோம். பெடல் பூனை மாதிரி எழுந்தது. முதலாளியிடம் ரகசியமாய்க் காரணத்தைச் சொன்னேன். தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை அம்மா கிண்ணத்தோடு வந்தார்.

"பானெட்டத் தொறப்பா."

"இன்னிக்கு வெளிய மட்டும் வைங்கம்மா. உள்ள வச்சா வண்டிக்கு மூச்சு அடைக்குது."

அம்மாவின் முகம் மாறியது. "சாமி சந்தனம் வண்டியக் கெடுக்குதுங்கறியா? இப்படிப் பேசுறவன் கையில என் பிள்ளைங்கள விடமாட்டேன்."

சாயங்காலம் முதலாளி கொட்டகைக்கு வந்தார். என்னைப் பார்க்காமல் காரைப் பார்த்துப் பேசினார்.

"நீ சொன்னது நெசந்தான்டா. ஆனா கேபிள மாத்தலாம், டிரைவர மாத்தலாம். வீட்டுக்காரிய மாத்த முடியுமா?"

உஜோங் பாசிரில் தெரிந்தவர் வீட்டில் ஒண்டிக்கொள்ள இடம் கேட்டு, லோரியில் சட்டிபானையை ஏற்றினோம். அம்மா வாசலுக்கு வந்தார். வஞ்சனையில்லாமல் இருவர் நெற்றியிலும் சந்தனம் வைத்து, "சொகமா பெத்துப் பொழைங்க" என்றார்.

பாதி வழியில் அது காய்ந்து நெற்றியை இழுத்தது. என் மனைவி அப்படியே வைத்துக்கொண்டாள். என் சட்டைப் பையில் கேபிள் துடைத்த மண்ணெண்ணெய்த் துணி கிடந்தது. அதாலேயே துடைத்துக்கொண்டேன்.