ஒண்ணில் பிடித்து அளந்தவர்

கேம்ப் ரோட்டில் பஸ்ஸுக்குப் பின்னால் ஸ்கூட்டரில் நின்றுகொண்டிருந்தபோது யூசுஃப் பாயின் மகள் அழைத்தாள். "ஆன்ட்டி, அத்தா மௌத்தாயிட்டாங்க." பாய் இறந்துவிட்டார். பஸ் நகர்ந்துவிட்டது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும் என்று அப்படியே நின்றேன்.

பாயை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சேலையூரில் எங்கள் பட்டறை. எலெக்ட்ரிக் கிதாரை உதிரிகளாகப் பெட்டியில் போட்டு விற்போம். வாங்குகிறவர் வீட்டிலேயே பூட்டிக்கொள்ளலாம். வரைபடமும் வயரிங்கும் நான். மர வேலை முழுக்க அவர். முதல் நாளே என் படத்தைப் பார்த்து, "சோக்கா கீது மேடம். ஆனா ஸ்க்ரூ டிரைவர் எந்தப் பக்கமா உள்ள போவும்?" என்றார். போகாதுதான். எரிச்சலோடு திருத்தி வரைந்தேன்.

டேப்பின் முனைக் கொக்கியை அவர் நம்பியதேயில்லை. "முனை ஆடும் மேடம், ஒண்ணு ஆடாது" என்று ஒன்றாம் இன்ச்சில் பிடித்துத்தான் அளப்பார். அவர் சொல்லும் அளவில் ஒன்றைக் கழித்து எழுதுவது என் பொறுப்பு.

ஒரு புது மாடலுக்காக மாதிரி கிதாரில் கம்பியின் நீளத்தை அளந்து, "இருபத்தாறரை" என்றார். நான் ஃபோனில் யாருடனோ சண்டை போட்டுக்கொண்டே, ஒன்றைக் கழிக்காமல் அப்படியே எழுதிவிட்டேன். கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ், அந்த மாடல் பெட்டி அத்தனையிலும் ஒரு இன்ச் தள்ளிப் போய்விட்டது.

கோவிலம்பாக்கத்து மெக்கானிக் ஸ்டீபன் ஒரு பெட்டி வாங்கியிருந்தார். இரண்டு மாதம், வேலை முடிந்து வந்து தேய்த்து, நீல பெயின்ட் அடித்து, பூட்டியிருக்கிறார். கூப்பிட்டார் என்று இருவரும் போனோம். "சும்மா தட்டுனா சுதி கரெக்டா கீது பாய். வெரல் வெச்சா பேஜாராவுது. எனக்குக் கை வரல, அவ்ளோதான். வித்துட்டு வேற வேலையப் பாக்குறேன்" என்றார்.

பாய் டேப்பை எடுத்து அளந்தார். என்னை ஒரு தரம் பார்த்தார். "உன் கையில ஒரு கோளாறும் இல்ல நைனா. அளவுதான் தப்பு. அளந்தவன் நான்."

பழைய ஓட்டைகளை மரக்குச்சி வைத்து அடைத்து, பிரிட்ஜை ஒரு இன்ச் முன்னுக்கு இழுத்து, அதே நீலத்தைத் தேடிப் பிடித்துப் பூசிக் கொடுத்தார். மற்றவர்கள் வீடுகளுக்கும் அவரே போய் "என் தப்பு" என்று சொல்லிச் சரிசெய்தார்.

திரும்பும் வழியில் கேட்டேன்: "கழிக்க மறந்தது நான்தானே பாய்?"

"தெரியும் மேடம். அதைச் சொன்னா நாளைக்குக் கோடு போட உங்க கை நடுங்கும். எனக்கு இன்னா? நாலு பேர் சிரிச்சா நானும் கூடச் சிரிச்சுட்டுப் போறேன்."

சிரிக்கத்தான் செய்தார்கள். ஸ்டீபன் செல்லமாக வைத்த 'ஒரு இன்ச் பாய்' என்ற பெயர் அஸ்தினாபுரம் வரைக்கும் பரவியது. எனக்கு அது வசதியாக இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். வெட்கக்கேடு!

நேற்று அடக்கத்துக்கு ஜனாஸாவை எடுக்கும் நேரத்தில் ஸ்டீபன் வந்தார். "ஒரு இன்ச் பாய் பூட்டாரே மேடம்" என்று அழுதார். அந்தப் பெயரோடு அவரை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

"அவர் சரியாத்தான் அளந்தார் ஸ்டீபன். தப்பா எழுதினது நான்" என்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. "அவர் இருக்கசொல்லோ சொல்லியிருக்கலாமே மேடம். எம்மாங் கேலி பண்ணேன் அந்த மனுஷனை" என்றவர், ஓடிப்போய்த் தோள் கொடுத்தார்.

மற்ற வீடுகளுக்கும் நானே போய்ச் சொல்கிறேன், பாய். நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்.