ஏரி நடுவே ஏழு மணி

போன வருஷம், பழவேற்காடு ஏரிக்குள் இருக்கிற எங்கள் பசியாவரத்தில் நடந்தது. எனக்குப் பத்தொன்பது வயசு. ரத்தப் புற்றுநோய்க்குச் சென்னையில் பெரிய ஊசியெல்லாம் முடிந்து, தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு மாத்திரை போடச் சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். நர்ஸ் அக்கா என் போனில் ஓர் ஏற்பாடு செய்து கொடுத்தார். ஏழானால் மணி அடிக்கும்; விழுங்கிவிட்டு 'போட்டாச்சு' என்று அழுத்தினால் அவருக்குத் தெரிந்துவிடும்.

ஊரில் மஞ்சள்காமாலை என்றுதான் சொல்லி வைத்திருந்தோம். நைனாவோடு படகில் இருக்கும்போது மணி அடித்தால், கூட வலை இழுக்கும் மாமா, "இன்னா மாப்ள, கரெக்டா ஏழுக்குக் கூப்புடுறா"ன்னு சிரிப்பார். நானும் சிரித்துக்கொண்டே 'போட்டாச்சு'வை அழுத்திவிட்டு, எடுத்தால் என்ன மாத்திரை என்று கேட்பாரே என்று அதைப் பையிலேயே விட்டுவிடுவேன். மறுநாள் வீட்டில் இரண்டாகப் போட்டுக்கொள்வேன். எங்கள் ஏரியில் பாடு முறை. யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்று ஊரே பேசி வைத்திருக்கும். காற்றில் ஒரு முறை தவறினால், பேசி வேறு நாள் வாங்கிக்கொள்ளலாம். மாத்திரையும் அப்படித்தான் என்று நினைத்தேன். இத்தனைக்கும் எங்கள் வீட்டிலேயே முதன்முதலாகப் பன்னிரண்டாம் வகுப்பு தேறியவன் நான்.

இரண்டு மாதத்தில் காய்ச்சலில் படுத்தேன். சென்னை ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ரத்த அணுக்கள் தாறுமாறாக இருந்தன. போனிலோ ஒரு நாள்கூடத் தவறவில்லை. நர்ஸ் அக்கா அதையும் ரிப்போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கேட்கும் முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், பாடு கதை உட்பட.

"விட்ட நாள் விட்டதுதான்பா. சேர்த்துப் போடாதே, எனக்குப் போன் பண்ணு. இப்படியே போனா நோய் திரும்பிடும்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

அணுக்கள் சரியாகும்வரை நிறுத்தி வைத்திருந்த மாத்திரை மறுபடி தொடங்கிய வாரமே ஏரியில் எங்கள் முறை வந்தது. போன் சத்தத்தை முழுசாக ஏற்றி வைத்தேன். ஏழுக்கு, பக்கத்துப் படகுகள் திரும்பிப் பார்க்கிற மாதிரி அடித்தது. மாமா வாயைத் திறப்பதற்குள் மாத்திரையை எடுத்துக் காட்டினேன்.

"மஞ்சள்காமாலை இல்ல மாமா, புற்றுநோய். இத்த விட்டா செத்துடுவேன். அதான் அடிக்குது."

நைனா தலையைக் குனிந்துகொண்டார். மாமா கையில் வலை அப்படியே நின்றது. அப்புறம் தண்ணி பாட்டிலை என் மேல் தூக்கிப் போட்டார். "முழுங்கு மொதல்ல. எங்கிட்டயே மறைச்சீங்களா, நீயும் உங்க நைனாவும்?"

இப்போது ஊருக்கே தெரியும். இவனுக்கு யார் பொண்ணு கொடுப்பார்கள் என்று பேசுகிறவர்கள் பேசுகிறார்கள். நன்றாகப் பேசட்டும், அதைக் கேட்பதற்கு நான் உயிரோடு இருக்கவேண்டும் என்பதுதான் இன்றைக்கும் என் பிடிவாதம்.