தகரத் தொட்டியில் ஏழு தவளைகள்

குஞ்சன், நீ போய்விட்டாய் என்ற செய்தி நான் வேலை செய்யும் பிஸ்கற் தொழிற்சாலைக்குத்தான் வந்தது. பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த என் தோளை மேற்பார்வைக்காரி தொட்டாள். அவள் சொன்ன இங்கிலீசில் "பிரதர்" மட்டும் விளங்கியது. அது போதுமாயிருந்தது.

உன்னைத் தெரிந்தவர்களுக்கு நீ எல்லோரையும் சிரிக்கவைக்கும் பகிடிக்காரத் தம்பி. எனக்கு உன்னோடு இருந்த காலமெல்லாம் பயம். அதை இன்று எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன்.

பெட்டிகளில் உறைந்து வரும் தவளைக் கால்களைக் கழுவுவது சாப்பாட்டுக் கடையில் உன் வேலை. அமெரிக்காவில் பெரிய தவளைகளைப் பண்ணை வைத்து வளர்க்கிறார்கள் என்று கேட்டது முதல், நாங்களும் வளர்த்துக் கடைக்கு விற்கலாம் என்று உனக்கு நித்திரை இல்லை. கப்பல்காரன் ஒருவன் போத்தலில் களவாகக் கொண்டுவந்த அந்தத் தவளைக் குஞ்சுகளை, நோபல் பார்க்கில் நாங்கள் இருந்த வாடகை வீட்டுக் குளியலறையில், தகரத் தொட்டியில் விட்டாய். அசையாத எதையும் அவை தின்னா. இறைச்சித் துண்டை நூலில் கட்டி ஆட்டிக்கொண்டே இருப்பாய். பசித்தால் பெரியது சின்னதை விழுங்கிவிடும். கதவு தட்டும்போதெல்லாம் குளியலறையைப் பூட்டிவிட்டுத்தான் போய்த் திறப்பேன். பிடிபட்டால் நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்களே!

மீட்டர் பார்க்க வந்தவன் நிற்கும்போது குளியலறைக்குள் ஒன்று கன்றுக்குட்டிபோல அலறியது. நான் என் வயிற்றைத் தடவிக் காட்டி, "மை பிரதர்" என்றேன்.

அவன் போனதும் நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "என்ர வயிறு இப்பிடியோ கத்தும், அக்கா? உன்ர முழியைப் பாத்தே பொலிசைக் கூப்பிடுவாங்கள்."

பிறகு உன் வயிற்றில் கட்டி என்று டாக்குத்தர் சொன்னபோது, அந்தப் பொய்தான் என்னைக் குத்தியது.

ஆசுப்பத்திரியில் என் கையைப் பிடித்தாய். "ஏழு கிடக்குது. கடைச் சமையல்காரனிட்டைக் குடு. ஒண்டையும் வெளியில விட்டிடாதை. ஓடைக்குப் போச்செண்டால் இந்த ஊர்த் தவளை ஒண்டும் மிஞ்சாது."

"ஓம், விடமாட்டன்" என்றேன்.

உன்னை எரித்துவிட்டு வந்தவர்கள் எல்லோரும் குளிக்க வேண்டும். குளியலறையில் தொட்டியை யாராவது பார்த்துவிடுவார்களே என்று நானே பின்வளவுக்கு இழுத்து, பலகையால் மூடினேன். அடுத்த நாள் சமையல்காரன் சாக்கோடு வந்தான். பலகை விலகிக் கிடந்தது. மூன்று தரம் எண்ணினோம். ஆறு.

உன் சட்டைகளைக் கொடுத்துவிட்டேன். உன்னுடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது நான் சொன்ன அந்த "ஓம்" மட்டும்தான். வேலிக்குப் பின்னால் ஓடை. மழை பெய்தால் ஜன்னலடியில் நின்று காது கொடுக்கிறேன்.

குஞ்சன், ஏழாவதை மற்றதொன்று தின்றதா, நான் விட்டுவிட்டேனா?