ராஜா அங்கியில் ஒரு பை

தையல்காரம்மா தன் மகளுக்கு எந்தச் சட்டை தைத்தாலும் உள்பக்கம் ஒரு கள்ளப்பை இருக்கும். அதற்குள் இன்ஹேலர். பிள்ளைக்கு ஆஸ்துமா என்று வெளியே தெரியக்கூடாதாம்! வகுப்பில் மூச்சு இரைத்தால் அவள் கழிப்பறைக்கு ஓடி மருந்தை இழுத்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி வந்து உட்காருவாள். வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் முதல் கேள்வி, "யாரும் பாக்கலையே?" என்னமோ பிள்ளை திருடிவிட்டு வந்த மாதிரி!

அப்படிப்பட்டவள் பள்ளி நாடகத்தில் ராஜா வேடத்துக்குத் தானே கை தூக்கியிருக்கிறாள். அம்மா தைப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"நடுவுல இரைச்சா என்னடி பண்ணுவே?"

"பாத்துக்கலாம்மா. வேண்டாம்னு மட்டும் சொல்லிடாதே."

சொல்லவில்லை. ஆனால் வெல்வெட் அங்கியிலும் கைப்பழக்கத்தில் பையை உள்ளேதான் வைத்தாள். அதற்கு மேல் அகலமான இடுப்புப்பட்டை வேறு. ஆசை ஆசையாய் இறுக்கிக் கட்டியும் விட்டாள்.

நாடகத்தன்று மேடைத் திரையை இழுத்ததில் தூசி பறந்தது. கொஞ்ச நேரத்தில் ராஜாவின் குரல் தேய்ந்தது, தோள்கள் ஏறி இறங்கின. கை பட்டைமேல் தடவுகிறது, பை அகப்படவில்லை. கீழே அம்மாவுக்கு உயிரே போய்விட்டது. பிள்ளை உள்ளே ஓடிவிடுவாள், இனி எந்த மேடையும் ஏறமாட்டாள் என்றே நினைத்தாள்.

ஓடவில்லையே! நட்டநடு மேடையில் பட்டையை அவிழ்த்து வீசினாள். இன்ஹேலரை எடுத்துக் குலுக்கினாள். மந்திரி வேடக்காரன் திருதிருவென்று விழித்தான். அவனைப் பார்த்துக் கையை உயர்த்தி, "சற்றுப் பொறும் அமைச்சரே! அரசர்... மருந்து எடுக்கிறார்!" என்றாள்.

"உத்தரவு மன்னா!" என்று அவனும் சமாளித்துக் குனிந்தான்.

மருந்தை இழுத்து, அடக்கி, நிதானமாக மூச்சு விட்டாள். அரங்கமே காத்திருந்தது. அப்புறம் வந்தது பாருங்கள் குரல், கடைசி வரிசைவரை கணீரென்று! கைதட்டலில் கூரை பிய்ந்துகொண்டு போனது. எல்லாரையும்விட சத்தமாகத் தட்டியது தையல்காரம்மாதான், அழுதுகொண்டே.

அன்றைக்கு வீட்டில் அந்தப் பழைய கேள்வி எழவில்லை. கேட்க என்ன இருக்கிறது, அத்தனை பேரும்தான் பார்த்துவிட்டார்களே.

"அம்மா, என் சட்டையில பையை வெளியில வச்சுக் கொடு. நல்ல சிவப்புத் துணியில."

தையல்காரம்மா உள்பையைப் பிரித்துப் போட்டாள். துணிக்குவியலைக் கிளறிச் சிவப்பைத் தேடி எடுத்தாள்.

"பொத்தான் வச்சு மூடட்டுமா கண்ணு?"

"மூடவே வேண்டாம்மா."